பேச்சியம்மாள் மகனுக்கு எத்தனை சதவீதம்?

மனு எழுதுகிற தொழிலில் எழுதுவது கால்வாசிதான், "இந்த பாரம் இல்லை, அந்த பாரம், இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல், இன்னைக்கு இல்லை, செவ்வாய்க்கிழமை" என்று சொல்வது முக்கால்வாசி.

மதுரையில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே, சிக்கந்தர் பாயின் ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே என் மேஜை வெயிலுக்கு நகர்ந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, உதவித்தொகை, பஸ் பாஸ், மூன்று சக்கர வண்டி என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுப்பேன். எனக்கே இடது கால் போலியோ, காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பேன். அதனால் வரிசையில் நிற்பதும் தெரியும், வரிசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக ஊர் வரைக்கும் திரும்பிப் போய் வந்தவர்களே, டோக்கன் கையில் இருக்கும்போதே சாப்பாட்டு நேரம் என்று ஜன்னல் சாத்தப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நான் புளுகுவதாகத்தான் நினைப்பார்கள்.

ஏறி வந்த குற்றம்

முதலில் என் கதை. என் அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு முதல் மாடியில் இருந்தது. யார் கொடுத்த யோசனையோ, அவர் நன்றாக இருக்கட்டும். லிஃப்ட் உண்டு. அதன் கதவில் ‘பழுது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, அந்தத் தாளே மஞ்சளாகிப் போயிருந்தது. கீழே நின்ற காவலாளியிடம், "யாராவது இறங்கி வந்து பார்க்க மாட்டாங்களாண்ணே?" என்றேன். "ஃபைல் மேலதான இருக்கு" என்றார். சுவரைப் பிடித்து, காலிப்பரை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

கிளார்க் நல்ல மனிதர். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். என் பாரத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ‘படி ஏறுவதில் சிரமம்’ என்ற இடத்தில் நின்றார். அங்கே நான் டிக் அடித்திருந்தேன். பேனா முனையை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "ஏறி வந்துட்டீங்களே சார், இனிமே நான் எப்படி இதை ஒத்துக்கிறது?"

போட்டோவில் தெரியவில்லை

பேச்சியம்மாளுக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். காட்டு வேலைக்குப் போகிறவர், ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. ஒரே மகன் ராசுவுக்கு இருபத்து மூன்று வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், மீசையெல்லாம் உண்டு. ஆனால் விவரம் நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற விவரம்தான். இத்தனை நாளும் பேச்சியம்மாள் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா ராசுவைப் பார்த்துக்கொண்டார். அந்த அக்காவை அவர் மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டுவிட்டான். ஆடி முடிந்ததும் கிளம்புகிறார். பழகிப் பார்க்கலாம் என்று ஒருநாள் பேச்சியம்மாள் மகனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், கதவை அடித்து அடித்து ராசுவின் இரண்டு கையும் வீங்கிக் கிடந்ததாம். "இன்னொரு தடவை பூட்ட மாட்டேண்ணே, பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்" என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வழி இருந்தது. உசிலம்பட்டியில் ஒரு டிரஸ்ட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பகல்நேர இல்லம் நடத்துகிறார்கள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொடுப்பார்கள், மதியம் சோறு போடுவார்கள், சாயங்காலம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது. ஆடி கடைசி வரைக்கும் அதை ராசுவுக்காக வைத்திருப்பதாக அங்கே இருக்கும் மேடம் சொல்லியிருந்தார். ஆனால் மூளை வளர்ச்சிக் குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று டாக்டர்கள் குழு சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்க்க முடியும். அதற்குத்தான் பேச்சியம்மாள் என்னிடம் வந்தார்.

பாரத்தில் ‘குறைபாடு தெரியும்படியான புகைப்படம்’ என்று ஒரு வரி. கை கால் என்றால் சரி, மூளையை எந்த ஸ்டுடியோவில் எடுப்பது? பேச்சியம்மாள் உசிலம்பட்டி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். ராசு முகத்துக்குப் பவுடர் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் ஒரு நீரூற்றுப் படத்தோடு நின்றுகொண்டிருந்தான். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இதுல ஒரு குறையும் தெரியலையே" என்றார். பேச்சியம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "எம்புள்ளைய எந்தப் பக்கம் திருப்பி எடுத்தாலும் லச்சணமாத்தான் சார் விழுகுது, நான் என்ன செய்ய?"

ரேகை விழவில்லை

பேச்சியம்மாளுக்குக் குழு கூடும் தேதி வருவதற்குள் வேறு ஆட்களும் வந்து போனார்கள். அவர்களில் மாயாண்டியை மட்டும் சொல்கிறேன். சமயநல்லூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர். மாட்டுத் தீவனம் நறுக்கும் மிஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உதவித்தொகைக்குக் கைரேகை வைக்க வேண்டும். இடது கையில் சாணியும் சுண்ணாம்பும் தேய்த்த தேய்ப்பில் ரேகை என்று ஒன்று இல்லை. மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்காமல், "அப்ப வலது கட்டை விரலை வைங்க" என்றது.

நான் போய் விளக்கினேன். அதற்கும் விதி இருக்கிறது என்றார்கள். ‘எனக்கு வலது கை விரல்கள் இல்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்தால் ரேகையிலிருந்து விலக்கு உண்டு. சந்தோஷமாகக் கடிதத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து எங்கே?" என்றது. எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். "அப்ப கைநாட்டு வைக்கச் சொல்லுங்க, வலது கட்டை விரல்" என்றது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மாயாண்டி என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "அம்மா, அந்த விரலு தீவனத்தோட மாட்டு வயித்துக்குள்ள போயிருச்சு, மாட்டைக் கூட்டியாந்தா ஒத்துக்கிருவீகளா?"

மூன்று வாரப் பாடம்

இனி சொல்லப்போவதில் பாதித் தப்பு என்னுடையது, முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். குழு உட்காரும் தேதியைக் குறித்துக் கொடுத்தபோது, "அங்க கேள்வி கேப்பாங்கம்மா, பார்த்து நல்லா பதில் சொல்லுங்க" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டேன். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், அவசரம். நான் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். பேச்சியம்மாள் அந்த ஒரு பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் ராசுவுக்குப் பாடம் நடந்திருக்கிறது. வேலைக்குப் போகும் முன்பு ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். பேர் என்ன, ஊர் என்ன, தாலுகா என்ன, மாவட்டம் என்ன. புளியங்கொட்டையை வைத்துப் பத்து வரைக்கும் எண்ணுவது. பச்சை எது, சிவப்பு எது. சரியாகச் சொன்னால் ஒரு கை பொரிகடலை. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. அக்கா டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக் கேள்வி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் ஒன்று வந்து, "குட் மார்னிங் டாக்டர்" சொல்லவும் பழக்கிவிட்டதாம். குழு கூடிய அன்றைக்கு முடி வெட்டி, மீசை ஒதுக்கி, புதுச்சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தெருவே வழியனுப்பி வைத்திருக்கிறது.

பேர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கு ராசு மாவட்டம் வரைக்கும் சொல்லியிருக்கிறான். எண்ணச் சொல்வதற்கு முன்பே பத்து வரைக்கும் எண்ணி முடித்திருக்கிறான். பிறகு டாக்டர் தாயாரிடம் திரும்பி, தானாகக் குளிப்பானா, தானாகச் சாப்பிடுவானா, தனியாகப் பஸ்ஸில் போவானா, கடைக்கு அனுப்பினால் சாமான் வாங்கிவருவானா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்கப் பேச்சியம்மாளுக்கு வாய் வருமா? எல்லாவற்றுக்கும் "செய்வான் சார்" தான். கடைக்கு அனுப்புகிற கேள்விக்கு மட்டும் கூடுதலாக, "மிச்சத்தையும் எண்ணி வாங்கியாருவான் சார்" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து நேராக என் மேஜைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராசுவுக்கு மாலை போடாததுதான் குறை. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். இருபத்தைந்து சதவீதம் என்று போட்டிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பும் மெல்ல இறங்கியது. குனிந்து, ராசுவுக்குக் கேட்காத மாதிரி கேட்டார்: "எத்தனைக்கு இருபத்தஞ்சுண்ணே?"

காரணம் என்ன எழுதுவது

எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மேஜைமேல் ஓங்கி அடித்தேன். மூடி தெறித்து ரோட்டுக்குப் போனது. "நூத்துக்கும்மா, நூத்துக்கு! நாற்பதுக்குக் குறையக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? எம்புட்டு முடியலையோ அம்புட்டுக்குத்தான் அவங்க மார்க் போடுவாங்க!" என்றேன். பேச்சியம்மாள் மலங்க மலங்க விழித்தார். "குறையக் கூடாதுன்னுதானண்ணே இம்புட்டுப் பாடுபட்டோம்" என்றார். அதற்கு மேல் யாரைத் திட்டுவது? என் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோன ராசு, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, விரலை விட்டு ஒண்ணு, ரெண்டு என்று மறுபடியும் ஒப்பிக்க ஆரம்பித்தான். கடைக்குள்ளிருந்து சிக்கந்தர் பாய் வந்து, "மாப்ள, முதல்ல டீயைக் குடி, மிச்சத்தை அப்புறம் கத்தலாம்" என்று டம்ளரைக் கையில் திணித்தார்.

மேல்முறையீடு என்று ஒன்று உண்டு. அதற்குக் காரணம் எழுத வேண்டும். கிளார்க்கிடம் போனேன். ‘தாயார் தவறான தகவல் சொல்லிவிட்டார்’ என்று எழுதட்டுமா என்றேன். "பொய்த் தகவல்னு நீங்களே எழுதிக் கொடுத்தா ஃபைல் வேற பக்கம் போயிரும் சார்" என்றார். ‘டாக்டர் சரியாகச் சோதிக்கவில்லை’ என்று எழுதட்டுமா? "அந்த டாக்டரும் குழுவுல இருப்பாரே." ‘இடையில் மகனின் நிலை மோசமாகிவிட்டது’? "மூணு நாள்லயா?" கடைசியில், ‘முதல் பரிசோதனையின்போது முழு விவரங்களும் தெரிவிக்கப்படாத நிலையில்’ என்று எழுதி நீட்டினேன். யார் தெரிவிக்கவில்லை, ஏன் தெரிவிக்கவில்லை, ஒன்றும் அதில் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக இதே தொழில் அல்லவா? கிளார்க் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முத்திரையைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அருமை சார், நடந்தது எதுவுமே இதுல இல்லை."

நானே டாக்டர்

மறுபரிசோதனைக்கு ஆடி கடைசி வாரத்தில் தேதி விழுந்தது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். அக்கா திருப்பூருக்குப் போய்விடுவார், இல்லத்தில் இடமும் போய்விடும், ராசு மறுபடி பூட்டிய கதவுக்குப் பின்னால், இல்லையென்றால் இருவரும் பட்டினி. அதனால் இந்த முறை பாடம் எடுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ராசுவுக்கு இல்லை, அவன் அம்மாவுக்கு. இரண்டு நாள் முன்னதாக வரச்சொல்லி, கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, நான் டாக்டராக மாறினேன். "உள்ளதைச் சொல்லணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். உங்க மகன் தானாக் குளிப்பானாம்மா?" என்று கேட்டேன். "குளிப்பா..." என்று ஆரம்பித்தவர், நான் முறைத்ததும் ராசுவைத் திரும்பிப் பார்த்தார். அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி ஊத்திவிட்டாக் குளிப்பான் சார், என்னைக்காவது சோப்பை மறந்துருவான்" என்றார். வருடம் முழுக்க அந்தச் சோப்பைப் போட்டுவிடுவது இவர்தான்.

ராசு பக்கத்தில் இருக்கிற வரைக்கும் இது நடக்காது என்று புரிந்தது. பாய் அவனை உள்ளே கூட்டிப்போய் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நிறுத்தினார். பச்சை வெளிச்சம் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுவது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். வெறும் தாளாகவே ஒரு கட்டு ஓட்டினார் மனிதர். அந்த நேரத்தில் பேச்சியம்மாள் என் காதோடு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். பொத்தான் போடத் தெரியாது. ரோட்டைத் தாண்டத் தெரியாது. பசித்தால் சொல்லத் தெரியாது, அழுவான். கக்கூஸ் போனால் கழுவத் தெரியாது. இதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "வாயால சொல்ல வேண்டாமில்லண்ணே, இதக் குடுத்துட்டா அவுகளே படிச்சுக்கிருவாகள்ல? அவனுக்குத்தான் படிக்கத் தெரியாது."

தாழ்ப்பாள் இல்லாத கதவு

துணைக்கு ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. பேச்சியம்மாளும் ராசுவும் உள்ளே போனார்கள். நான் வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சாத்தினாலும் ஒரு சாண் திறந்தே நிற்கும். அதனால் எல்லாமே காதில் விழுந்தது. இந்தத் தடவை கேள்வி கேட்டது ஒரு பெண் டாக்டர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பேச்சியம்மாள் இரண்டு பக்கத் தாளை எடுத்து நீட்டினார். "பேப்பரெல்லாம் வாங்கக் கூடாதும்மா, கேக்க கேக்க நீங்கதான் வாயால சொல்லணும்" என்றார் டாக்டர். "அப்ப இவன் கொஞ்சம் வெளிய நிக்கட்டுங்களா?" என்று பேச்சியம்மாள் கேட்டார். "அவரும் இருக்கணும், அதான் விதி" என்றார் டாக்டர். இந்த அம்மா பழையபடி "செய்வான் சார்" என்று தொடங்கிவிடப் போகிறார் என்று கதவுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து நின்றேன்.

பேச்சியம்மாள் தாளைத் திரும்ப மடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சியம்மாள் சொல்லத் தொடங்கினார். "குளிக்கத் தெரியாது. நான்தான் குளிப்பாட்டி விடுறேன்." ராசு, தன் அம்மா பாடத்தை மறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டான் போல. "குளிப்பேன்னு சொல்லும்மா" என்று எடுத்துக்கொடுத்தான். "சோறு பிசைஞ்சு குடுக்கணும்." "நானே திம்பேன்!" "ரோட்டைத் தாண்டத் தெரியாது." உடனே ராசு சத்தமாகப் பேர், ஊர், தாலுகா எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தான். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினான், ஏழில் வந்து நின்றுபோனான். பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. கழுவத் தெரியாது என்பதையும் சொன்னார். கேட்காத கேள்விக்கும் ஒரு பதில் சொன்னார்: "நான் இல்லேன்னா இவனுக்கு ஒண்ணுமே இல்ல." அதற்குப் பிறகு ராசு பேசவில்லை. பேனா கீறும் சத்தமும், தாளைக் கிழிக்கும் சத்தமும் கேட்டன. அப்புறம் அந்த டாக்டர் பெண் சொன்னார்: "போதும்மா, எழுதிட்டேன், இதுக்கு மேல சொல்லாதீங்க, அவன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

கடைசி மனு

எழுபத்தைந்து சதவீதம் வந்தது. அன்றைக்கு மத்தியானமே இல்லத்து மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன், திங்கட்கிழமை காலை வேன் வரும் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறைதான், குதிக்க முடிந்தால் குதித்திருப்பேன். சிக்கந்தர் பாய் ஓடிப்போய் ராசுவுக்குப் பருத்திப்பால் வாங்கிவந்தார். ராசுவுக்குப் பருத்திப்பால் என்றால் உயிர். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டான். பேச்சியம்மாள் கன்னத்தைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் தன்னோடு பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்றார். அவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள், சான்றிதழ் கிடைக்கவில்லை போல என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பேச்சியம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, நான் அங்கன சொன்னதெல்லாம் பொய்யின்னு அவன்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க பேனா வச்சிருக்கீக, நம்புவான்" என்றார். நான் போய் ராசு பக்கத்தில் உட்கார்ந்தேன். "டேய் ராசு, உங்கம்மா உள்ள சொன்னது பூராம் பொய்டா. ஆபீஸ்ல அப்படிச் சொன்னாத்தான் வேன் அனுப்புவாங்க. உனக்கு எல்லாந்தான் தெரியுமே, எனக்குத் தெரியாதா?" என்றேன். அவன் மெதுவாகத் திரும்பி, தூரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவசர அவசரமாக என் சட்டையைப் பிடித்து இழுத்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "பொய் சொன்னா போலீஸ் புடிச்சிருமே மாமா, அம்மாவைப் புடிக்க வேணாம்னு சீக்கிரமா ஒரு மனு எழுதுங்க."

நல்லவேளை, இதை அவன் உள்ளே வைத்துச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பழையபடி இருபத்தைந்துதான்.